கட்சி இல்லாமல் ஆட்சி நடத்திய நம்ம ஊர்க்காரர்

போன தேர்தலில்தான் நான் முதல் ஓட்டு போட்டேன். அம்மாபேட்டையில் எங்க வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். காலை ஏழு மணிக்கே வரிசை. எனக்கு முன்னாடி தறி ஓட்டுற தாத்தா ஒருத்தர், பின்னாடி பூ விற்கிற அக்கா. மூணு பேருக்கும் ஒரே மை, ஒரே பட்டன். வெளியே வந்து விரலை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். நீங்களும் வைத்திருப்பீங்க.

இப்போ ஒரு கேள்வி. இதே சேலத்தில் 1926ல் ஒரு தேர்தல் நடந்தது. அந்த வரிசையில் எங்க மூணு பேரில் யார் நின்றிருக்க முடியும்? பெரும்பாலும் யாருமே இல்லை. நிலவரி, நகராட்சி வரி, வருமான வரி என்று ஏதாவது ஒன்றை அரசு சொன்ன அளவுக்குக் கட்டுகிறவருக்குத்தான் அப்போது ஓட்டு. மக்கள்தொகையில் மிகச் சிறிய பங்கு அது.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி ஆனவர் நம்ம பக்கத்துக்காரர். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ஜமீன்தார். பெயர் ப. சுப்பராயன். அவருக்குக் கட்சி கிடையாது. அவையில் பெரும்பான்மையும் கிடையாது. ஆனாலும் 1926 டிசம்பரில் இருந்து 1930 வரை அந்த நாற்காலியில் இருந்தார். எப்படி? அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஜமீன் வீட்டுப் பையன்

சுப்பராயன் பிறந்தது 1889 செப்டம்பர் 11. அன்றைக்கு நாமக்கல், திருச்செங்கோடு எல்லாமே சேலம் மாவட்டம்தான். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி என்று படித்துவிட்டு, கப்பலேறி ஆக்ஸ்ஃபோர்டு போனார். சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார்.

அவர் வாழ்க்கையில் முதலில் கவனிக்க வேண்டியது கல்யாணம். கொங்குப் பகுதி ஜமீன்தார் வீட்டுப் பையன், மங்களூரைச் சேர்ந்த சாரஸ்வத பிராமணப் பெண் ராதாபாயைத் திருமணம் செய்தார். சாதியும் வேறு, தாய்மொழியும் வேறு. நூறு வருஷத்துக்கு முன்னாடி! இன்றைக்கே நம்ம பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். ராதாபாயின் அப்பா குத்முல் ரங்கராவ், தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக மங்களூரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். அந்த வீட்டுப் பாதிப்பு சுப்பராயனிடமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பின்னால் அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றலாம்.

1926: கணக்கு போட்டுப் பாருங்க

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை. ஆந்திரத்தின் பெரும்பகுதி, மலபார், தென் கன்னடம் எல்லாம் சேர்ந்தது. இதற்கெல்லாம் ஒரே சட்டமன்றம். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் 98 பேர். அதற்கு மேல் முப்பதுக்கும் அதிகமான பேரை அரசே நியமிக்கும். இந்த நியமன உறுப்பினர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, கதையே அவர்களிடம்தான் இருக்கு.

1926 நவம்பர் தேர்தலில் காங்கிரஸ்காரர்களின் சுயராஜ்யக் கட்சிக்கு 41 இடம். அதுவரை ஆண்ட நீதிக்கட்சிக்கு 21. மற்றவர்கள் சுயேச்சைகளும் சின்னக் குழுக்களும்.

பெரிய கட்சி சுயராஜ்யம்தானே, அவங்க ஆட்சி அமைக்க வேண்டியதுதானே? மாட்டோம் என்றார்கள். காரணம் இரட்டை ஆட்சி. 1919 சட்டப்படி அரசுத் துறைகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மாதிரியான துறைகள் மக்கள் பிரதிநிதிகளான மந்திரிகளுக்கு. போலீஸ், நிதி, நிலவருவாய், பாசனம் எல்லாம் கவர்னருக்கும் அவருடைய நிர்வாகக் குழுவுக்கும். சுருக்கமாகச் சொன்னால், செலவு வைக்கிற துறைகள் மந்திரியிடம், கல்லாப்பெட்டி கவர்னரிடம். இந்த ஏற்பாட்டில் பதவி ஏற்பதில்லை என்பது காங்கிரஸின் முடிவு.

நாம பொறியியல் மாணவர்கள் என்பதால் ஒரு உதாரணம். அந்த வருஷங்களில் மேட்டூரில் காவிரிக்குக் குறுக்கே அணை எழும்பிக்கொண்டிருந்தது. 1925ல் தொடங்கி 1934ல் முடிந்த வேலை. அணை கட்டுவது சேலம் மாவட்டத்தில். முதல் மந்திரியும் சேலம் மாவட்டத்துக்காரர். ஆனால் பாசனம் மந்திரிகளின் துறையே இல்லை! சொந்த மாவட்டத்தில் எழும்பும் அணை அவருடைய அதிகாரத்துக்கு வெளியே.

நீதிக்கட்சித் தலைவர் பனகல் ராஜாவும் ஆட்சி அமைக்க முன்வரவில்லை. முதல் இடத்தில் வந்தவரும் வேண்டாம், இரண்டாம் இடத்தில் வந்தவரும் வேண்டாம் என்றால் கவர்னர் கோஷன் பிரபு என்ன செய்வார்? சுயேச்சையான சுப்பராயனை அழைத்தார். ரங்கநாத முதலியார், ஆரோக்கியசாமி முதலியார் இருவரும் உடன் மந்திரிகள். இதில் ஆரோக்கியசாமி முதலியார் பொறியாளராக வேலை பார்த்துவிட்டு அரசியலுக்கு வந்தவர். 1926 டிசம்பர் 4 அன்று அமைச்சரவை பதவியேற்றது. நியமன உறுப்பினர்களின் பலத்தில்தான் அது நின்றது.

56க்கு 67

அந்த அவையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் கொஞ்சம் பிரமிப்பாகவே இருக்கும். சுயராஜ்யக் கட்சி வரிசையில் சத்தியமூர்த்தி. நீதிக்கட்சி வரிசையில் பனகல் ராஜா. தாழ்த்தப்பட்ட மக்களின் குரலாக இரட்டைமலை சீனிவாசன். அவைத் தலைவராக சுயராஜ்யக் கட்சியின் நரசிம்ம ராஜு. துணைத் தலைவராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். அவரும் நியமன உறுப்பினர். அதே 1926ல் தேர்தலில் நேராகப் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் கொஞ்ச ஓட்டில் தோற்றுப் போனார்.

இப்படிப்பட்ட ஆட்கள் எதிரே உட்கார்ந்திருக்க, சொந்தக் கட்சி இல்லாத ஒருவர் எத்தனை நாள் தாங்குவார்? 1927 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. பரம எதிரிகளான சுயராஜ்யக் கட்சியும் நீதிக்கட்சியும் இதில் ஒரே பக்கம். முடிவு: தீர்மானத்துக்கு ஆதரவு 56, எதிர்ப்பு 67. சுப்பராயன் தப்பித்தார்.

வித்தியாசம் 11 ஓட்டு. நியமன உறுப்பினர்களோ முப்பதுக்கு மேல். மிச்சத்தை நீங்களே போட்டுப் பார்த்துக்கலாம். மக்கள் அனுப்பிய ஆட்களை மட்டும் எண்ணியிருந்தால் அன்றைக்கே ஆட்சி போயிருக்கும்.

அடுத்த புயல் சைமன் கமிஷன். ஒரு இந்தியர்கூட இல்லாத அந்தக் குழுவைப் புறக்கணிக்க வேண்டும் என்று அவை தீர்மானம் போட்டது. சுப்பராயனின் இரண்டு மந்திரிகளும் புறக்கணிப்பின் பக்கம். அவர் மட்டும் எதிர்ப்பக்கம். 1928 மார்ச்சில் அந்த இருவரும் வெளியேறினார்கள். முத்தையா முதலியாரும் சேதுரத்தினம் ஐயரும் புது மந்திரிகளாக வந்தார்கள். இதற்குள் நீதிக்கட்சியும் மனம் மாறி ஆதரவு தந்ததால் ஆட்சி மறுபடியும் பிழைத்தது. நாடு முழுக்க சைமனே திரும்பிப் போ என்று கறுப்புக்கொடி பிடித்த நேரத்தில், நம்ம ஊர்க்காரர் வரவேற்கிற பக்கம் நின்றார். இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது நேர்மை இல்லை.

அந்த அவை செய்த வேலை

சரி, அப்போ இது வெறும் கவர்னரின் கைப்பாவை ஆட்சியா? அப்படி ஒரே வரியில் முடித்துவிடவும் என்னால் முடியவில்லை. ஏன்னா அந்த அவையும் ஆட்சியும் செய்த சில வேலைகள் இன்றுவரை நம்மைத் தொடுகின்றன.

ஒன்று, வகுப்புவாரி உரிமை ஆணை. நீதிக்கட்சிக் காலத்திலேயே போடப்பட்டும் சரியாக நடைமுறைக்கு வராமல் கிடந்தது. மந்திரி முத்தையா முதலியார் அதை 1928ல் செயலுக்குக் கொண்டுவந்தார். அரசு வேலையில் 12 இடம் என்றால் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. கவுன்சலிங்கில் நாம பார்த்த இடஒதுக்கீட்டுப் பட்டியலின் பழைய வேர்களில் இதுவும் ஒன்று.

இரண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டம். சிதம்பரத்தில் அந்தப் பல்கலைக்கழகம் உருவாக வழி செய்தது இந்த அவைதான்.

மூன்று, முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டம். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அவைக்குள் விடாமல் வாதாடினார். 1929ல் அறநிலையச் சட்டத்தில் திருத்தம் வந்தது. கோயில் பணிக்காக அந்தப் பெண்களிடம் இருந்த நிலம், பணி செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல் அவர்களுக்கே ஆனது. வழக்கத்தையே தடுக்கும் முழுச் சட்டம் 1947ல்தான் நிறைவேறியது. அந்த 1947ல் ஓமந்தூரார் அமைச்சரவையில் ஒரு மந்திரி யார் தெரியுமா? அதே சுப்பராயன்.

ஒரு தாலுகா, இரண்டு பேர்

மூன்று வருஷத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவையின் காலத்தை 1930 வரை நீட்டித்தார்கள். தேர்தல் வந்தது, நீதிக்கட்சி ஜெயித்தது, முனுசாமி நாயுடு முதல் மந்திரி ஆனார். சுப்பராயன் இறங்கினார். அதே வருஷம் ராதாபாய் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியப் பெண்களின் பிரதிநிதியாகப் போனார்.

பதவி போன பிறகுதான் எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது. 1932ல் தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் அனுமதிக்க வழி செய்யும் மசோதாவைச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவர முயன்றார். 1933 ஜனவரியில் வைஸ்ராய் வில்லிங்டன் அதற்கு அனுமதி மறுத்துவிட்டார். எந்த ஆட்சியின் தயவில் நாலு வருஷம் நாற்காலியில் இருந்தாரோ, அதே ஆட்சி அவர் மசோதாவை வாசலிலேயே நிறுத்தியது.

இந்த இடத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்லணும். சுப்பராயன் கோட்டையில் மந்திரியாக இருந்த அதே வருஷங்களில், அவருடைய சொந்தத் தாலுகாவில் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ஒருவர் கதர் வேலையும் மதுவிலக்குப் பிரச்சாரமும் செய்துகொண்டிருந்தார். ராஜாஜி. ஒருவர் அதிகாரத்தில், ஒருவர் கிராமத்தில். 1937ல் ஓட்டுரிமை கொஞ்சம் விரிவாகி, காங்கிரஸ் ஜெயித்து ராஜாஜி பிரதமர் ஆனபோது, காங்கிரசில் சேர்ந்துவிட்ட சுப்பராயன் அவருக்குக் கீழே சட்டம், கல்வி மந்திரி. முன்னாள் முதல் மந்திரி சாதாரண மந்திரியாக உட்கார்ந்தார். ஆனால் இந்த முறை பின்னால் இருந்தது நியமன உறுப்பினர்கள் இல்லை, ஓட்டு. 1939ல் அதே அரசு கோயில் நுழைவுச் சட்டத்தையும் கொண்டுவந்தது.

அந்த அரசுதான் 1938ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது, கல்வித்துறை இவரிடம் இருந்தபோது. ஆனால் 1955ல் அமைந்த ஆட்சிமொழி ஆணையத்தில் உறுப்பினராக இருந்தபோது, இந்தியை அவசரமாகத் திணிப்பதற்கு எதிராக மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார். அவரைத் தவிர வங்காளத்து மொழியறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜி மட்டும்தான் அப்படி எழுதினார். பக்கம் மாறினார் என்றும் சொல்லலாம், பட்டுத் தெரிந்துகொண்டார் என்றும் சொல்லலாம்.

கடைசி வருஷங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய கிரிக்கெட் வாரியத் தலைவராக சுமார் எட்டு வருஷம் இருந்தார். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியாவுக்குத் தூதர், 1957ல் திருச்செங்கோடு மக்களவை உறுப்பினர், நேரு அமைச்சரவையில் போக்குவரத்து, தகவல்தொடர்பு மந்திரி. மகாராஷ்டிர கவர்னராக இருந்தபோது 1962 அக்டோபர் 6 அன்று காலமானார். கவர்னர் அழைத்து மந்திரியானவர், கவர்னராகவே முடிந்தார். பிள்ளைகளில் ஒருவர் ராணுவத் தளபதி, ஒருவர் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் தலைவர். மற்ற இருவர், மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருஷ்ணனும், ஜமீன் வீட்டில் பிறந்து கம்யூனிஸ்ட் ஆனவர்கள்.

நமக்கு என்ன?

சுப்பராயன் நல்லவரா கெட்டவரா என்று என்னைக் கேட்டால், திறமைசாலி, மனசாட்சி உள்ளவர், தப்பான கணக்கில் நாற்காலி ஏறியவர் என்று சொல்வேன். அந்த நாலு வருஷமும் ஒவ்வொரு ஓட்டெடுப்பிலும் அவர் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது கவர்னரை, நம்ம ஊர் வரிசையை இல்லை.

இன்றைக்குத் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 234 பேரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். நியமன உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் புதுச்சேரியில் இன்னும் மூன்று பேர் நியமனம்தான், அவர்களுக்கு ஓட்டும் உண்டு. 30 பேர் மட்டும் தேர்ந்தெடுக்கப்படும் அவையில் மூன்று ஓட்டு என்ன செய்யும் என்று 56க்கு 67ஐ வைத்து யோசித்துப் பாருங்க.

அடுத்த தேர்தலில் வெயில் அதிகம், வரிசை நீளம், ஊருக்குப் போக பஸ் கிடைக்கலை என்று ஹாஸ்டலிலேயே படுத்துக்கொள்ளத் தோன்றினால், எனக்கு முன்னாடி நின்ற அந்தத் தறிக்காரத் தாத்தாவை நினைச்சுக்குங்க. அவருடைய அப்பாவுக்கு அந்த வரிசையில் இடம் இருந்திருக்காது. தாத்தா அன்றைக்கு ஆறரை மணிக்கே வந்து நின்றிருந்தார்.