ஒளியின் எழுத்தை வாசித்தவர்

ஆய்வுகூடத்திற் பயிலும் மாணவர் யாவரும் பன்சன் சுடரடுப்பை அறிவர். ஆயின், அச்சுடரைக்கொண்டு பொருள்களின் உள்ளியல்பை அறியும் வழிகண்ட அம்மேதையின் வாழ்வை அறிந்தோர் சிலரே.

உரொபேட்டு பன்சன் 1811ஆம் ஆண்டு ஜேர்மனியின் கொட்டிங்கன் நகரிற் பிறந்தார். ஆசனிக்கு நஞ்சுக்கு நீரேறிய இரும்பொட்சைட்டு மாற்று மருந்தாகும் என்பதை 1834இல் மருத்துவர் பேர்த்தோல்டுடன் கூடிக் கண்டறிந்தார். பின்னர் ஆசனிக்கு அடங்கிய ககோடைல் என்னும் சேதனச் சேர்வைகளை ஆராயப் புகுந்தார். துர்நாற்றமும் கொடுநஞ்சும் உடைய பொருள்கள் அவை. ஒருநாள் ககோடைல் சயனைட்டு வெடித்தது. கண்ணாடிச் சிதறல் பாய்ந்து வலக்கண் பார்வை பறிபோயிற்று; நஞ்சினால் உயிரும் ஊசலாடியது. தேறி எழுந்த பன்சன் அவ்வாராய்ச்சியை முடித்தபின்னரே ஓய்ந்தார். அதன்பின் சேதன இரசாயனத்தின் பக்கம் அவர் திரும்பவில்லை.

1852இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். உப்புக்களைச் சுடரில் இட்டு, எழும் நிறத்தைக்கொண்டு அவற்றை இனங்காண முயன்றார். சோடியத்தின் மஞ்சள் நிறமோ ஏனைய நிறங்களை மறைத்தது. நிறக்கண்ணாடிகளினூடே நோக்கிப் பிரித்தறிய முயன்ற அவரிடம், ஒளியை அரியத்தினூடே செலுத்திப் பார்க்கலாமே என்றார் நண்பராகிய பௌதிக அறிஞர் கேர்ச்சோவ். இருவரும் சேர்ந்து நிறமாலைகாட்டியை அமைத்தனர். ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய கோடுகளைக் காட்டிற்று. அறையின் தொலைமூலையில் மூன்று மில்லிகிராம் சோடியம் குளோரேற்றை வெடிக்கச் செய்ய, சில நிமிடங்களில் எதிர்மூலைச் சுடரில் மஞ்சட் கோடு தோன்றிற்று!

டூர்க்ஹைம் ஊற்றுநீரில் இதுவரை எவரும் காணாத நீலக்கோடுகளை 1860இற் கண்டனர். நாற்பது தொன்னுக்கு மேற்பட்ட நீரை வற்றச் செய்து பெற்றது ஏழு கிராம் அளவான உப்பே. அதில் இருந்த புதிய மூலகமே சீசியம். அடுத்த ஆண்டில் உருபீடியமும் வெளிப்பட்டது.

இத்துணைப் புகழெய்தியும் அவர் தம் கண்டுபிடிப்புக்களுக்குக் காப்புரிமை நாடவில்லை. மணம் செய்யாது, மாணவரையே சுற்றமாகக் கொண்டு வாழ்ந்து, 1899இல் மறைந்தார்.

பன்சன் வாசித்தது மூலகங்களின் ஒளியை. மூலக்கூறுகள் விழுங்கும் செங்கீழ்க் கதிரைக்கொண்டு அவற்றின் அமைப்பை உணரும் முறை இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. மூலக்கூற்றின் துண்டங்களை நிறுக்கும் திணிவு நிறமாலைமானியும் அதற்குத் துணையாயிற்று. பெயரறியாச் சேதனப் பொருளொன்றை இன்று மில்லிகிராமிலும் குறைந்த அளவு கொண்டே இனங்காண்கின்றனர். அவர் கண்ணைப் பறித்த அத்துறைக்கே, அவர் திறந்த வழி இன்று விளக்காய் அமைந்துள்ளது.