டி. பி. ராஜலட்சுமி

டி. பி. ராஜலட்சுமி (நவம்பர் 11, 1911 - 1964) தமிழ் நாடக, திரைப்பட நடிகையும், பாடகியும், புதின எழுத்தாளரும், திரைப்படத் தயாரிப்பாளரும் ஆவார். தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் (1931) திரைப்படத்தின் கதாநாயகி இவரே. 1936 ஆம் ஆண்டில் மிஸ் கமலா என்ற படத்தை இயக்கித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநரானார். சினிமா ராணி என்ற பட்டப்பெயரால் அறியப்பட்டவர்.

பிறப்பும் இளமையும்

தஞ்சாவூருக்கு வடக்கே காவிரிக் கரையில் உள்ள திருவையாற்றில் பிறந்தார். தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி ஊர்க் கர்ணமாகப் பணியாற்றியவர், தாயார் மீனாட்சி. பஞ்சாபகேசர் என்பது அவ்வூரில் கோயில் கொண்டுள்ள ஐயாறப்பருக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்றாகும். ராஜலட்சுமியின் பெயருக்கு முன்னுள்ள இரண்டு எழுத்துகளும் ஊரையும் தந்தையையும் குறிப்பன. திருவையாறு தியாகராச சுவாமிகள் வாழ்ந்து மறைந்த ஊர் ஆதலால் அங்கு பிறந்த குழந்தைகளுக்கு இசை கேட்பது அரிய செயல் அன்று. ராஜலட்சுமியும் சிறு வயதிலேயே, கேட்ட பாடலை அப்படியே திருப்பிப் பாடும் திறன் பெற்றிருந்தார்.

அக்கால வழக்கப்படி பத்து வயது நிறையும் முன்னரே இவருக்குத் திருமணம் செய்து வைத்தனர். கேட்ட வரதட்சணையைப் பெண் வீட்டாரால் கொடுக்க இயலாமையால் அம்மணவாழ்வு தொடங்கும் முன்பே முறிந்தது. சிறுமி பிறந்த வீட்டுக்குத் திரும்பினார். சிறிது காலத்தில் தந்தையும் காலமானார். குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929 ஆம் ஆண்டிலும், இந்து திருமணச் சட்டம் 1955 ஆம் ஆண்டிலும், வரதட்சணைத் தடைச் சட்டம் 1961 ஆம் ஆண்டிலும்தான் வந்தன. ஆகவே கணவன் வீட்டார் கைவிட்ட ஒரு பெண்ணுக்கு அந்நாளில் இச்சட்டங்களின் துணை இல்லை. நிலபுலமும் ஆண் துணையும் இல்லாத குடும்பத்தில் பிழைப்புக்கு வழி தேடவேண்டிய பொறுப்பு தாய்மீதும் மகள்மீதும் விழுந்தது.

நாடக மேடை

தாயும் மகளும் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றனர். அங்கு சி. எஸ். சாமண்ணா ஐயரின் நாடகக் குழுவில் ராஜலட்சுமி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினொன்று. நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகளின் பரிந்துரையால் இவ்வாய்ப்புக் கிடைத்தது. சுவாமிகள் 1922 இல் மறைந்தார் என்பதை நோக்க, அவரது இறுதி நாட்களில் அறிமுகம் பெற்றவர்களுள் ராஜலட்சுமி ஒருவராகிறார். பவளக்கொடி நாடகம் இவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது.

இம்முடிவு எளிதானது அன்று. அந்தணர் குடும்பத்துப் பெண் மேடையேறி நடிப்பது அக்காலத்தில் சாதிக் கட்டுப்பாட்டை மீறும் செயலாகவே கருதப்பட்டது. பெண் வேடங்களையும் ஆண்களும் சிறுவர்களும் ஏற்று நடித்துவந்த காலம் அது. உற்றார் உறவினரின் பழிச்சொல்லுக்கிடையே தாயார் மகளுக்குத் துணை நின்றார். மகளின் சம்பளத்தில் வீடு நடந்தது. பின்னர் எஸ். ஜி. கிட்டப்பா, எம். கே. தியாகராஜ பாகவதர், வி. ஏ. செல்லப்பா முதலிய முன்னணி நடிகர்களுக்கு இணையாக நடித்தார். மேடையில் தேசியப் பாடல்களைப் பாடும் வழக்கமும் கொண்டிருந்தார்.

திரைப்படத் துறை

முதலில் மௌனப் படங்களில் நடித்தார். கோவலன் (1929), உஷா சுந்தரி, ராஜேஸ்வரி ஆகியவை அவற்றுள் அடங்கும். பேசும் படம் வந்தபோது பாடத் தெரிந்த நாடக நடிகர்களுக்குத் தேவை ஏற்பட்டது. பம்பாயில் இம்பீரியல் நிறுவனத்தின் அர்தேஷிர் இரானி தயாரிக்க, எச். எம். ரெட்டி இயக்கிய காளிதாஸ் படத்தில் ராஜலட்சுமி கதாநாயகியானார். இப்படம் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியானது. இவர் தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் மறுமொழி கூறுவார். காளிதாசன் கதைக்குச் சற்றும் தொடர்பில்லாத காந்தியடிகளின் கைராட்டைப் பாடலும், குறத்தி நடனமும், தியாகராசரின் கீர்த்தனைகளும் படத்தில் இடம்பெற்றன. இன்று இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் திரையில் தமிழ்க் குரலை முதன்முறையாகக் கேட்ட மக்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. படச்சுருள் பெட்டி சென்னைக்கு வந்தபோது மக்கள் வால்டாக்ஸ் சாலை வழியே மலர் தூவி, தேங்காய் உடைத்து ஊர்வலமாகச் சென்றதாகக் கூறப்படுகிறது.

1934 வரை சென்னையில் பேசும் படம் எடுப்பதற்கான ஒலிப்பதிவுக் கூடம் இல்லாமையால் தமிழ் நடிகர்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பயணம் செய்யவேண்டியிருந்தது. கல்கத்தாவில் எடுக்கப்பட்ட வள்ளி திருமணம் (1933) பெரும் வெற்றி பெற்றது. அப்படத்தில் உடன் நடித்த டி. வி. சுந்தரத்தை ராஜலட்சுமி பின்னர் மணந்துகொண்டார். குழந்தை மணத்தில் கைவிடப்பட்ட பெண் தானே துணையைத் தேர்ந்து மறுமணம் செய்துகொண்டது அந்நாளில் அரிதாகும். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய சீமந்தினி (1936) படத்திலும் நடித்தார்.

இயக்குநராக

1936 இல் ஸ்ரீராஜம் டாக்கீஸ் என்ற தம் சொந்த நிறுவனத்தின் சார்பில் மிஸ் கமலா படத்தைத் தயாரித்து, இயக்கி, நடித்தார். கதை, தாம் எழுதிய கமலவல்லி என்ற புதினத்திலிருந்து எடுத்துக்கொண்டது. காதலித்த பெண்ணுக்கு வேறொருவருடன் திருமணம் நடப்பதால் விளையும் சிக்கலே அதன் பொருள். புராணக் கதைகளே மிகுந்திருந்த காலத்தில் பெண்ணின் விருப்பத்தைச் சமூகக் கதையாக எடுத்தது துணிவான செயல். இதே ஆண்டில் ஹாலிவுட்டில் இயக்குநராகப் பணியாற்றிய பெண் டோரதி ஆர்ஸ்னர் ஒருவரே என்பது இங்கு ஒப்பிடத்தக்கது.

இந்தியாவின் முதல் பெண் இயக்குநர் பாத்மா பேகம். முதல் இந்தியப் பேசும் படமான ஆலம் ஆராவின் நாயகி சுபைதா, அவருடைய மகள். பம்பாயில் தாயும் மகளும் பெற்ற இரு சிறப்புகளைத் தமிழில் ராஜலட்சுமி ஒருவரே பெற்றார்.

பின்னர் மதுரை வீரன் படத்தையும் தயாரித்தார். நாட்டுப்பற்றைப் பொருளாகக் கொண்டு எடுத்த இந்தியத் தாய், ஆங்கில அரசின் தணிக்கையில் சிக்கியது. தமிழ்த் தாய் என்று பெயர் மாற்றப்பட்டு 1940 இல் வெளிவந்தும் வசூலில் தோல்வியுற்றது. படத்தில் இட்ட பணம் நடிப்பால் ஈட்டிய சொந்தப் பணம் ஆகையால் இழப்பும் இவரையே சேர்ந்தது. சேர்த்த சொத்துகளை விற்க நேர்ந்தது. அதன்பின் இவர் நடித்த படங்கள் மிகச் சிலவே.

குடும்பம்

1936 இல் பிறந்த மகளுக்குத் தம் படத்து நாயகியின் பெயரான கமலா என்பதையே சூட்டினார். பிறந்தவுடன் கொல்லப்படவிருந்த ஒரு பெண் குழந்தையையும் எடுத்து வளர்த்தார்.

ஏவி. மெய்யப்பன் தயாரித்த நந்தகுமார் (1938) படத்தில் குறும்பு செய்யும் கண்ணனுக்குச் செல்லம் கொடுக்கும் யசோதையாக நடித்தார். செல்லம் கொடுத்த தாய் நம் புராணத்தில் போற்றப்படுகிறாள். ஹாலிவுட்டிலோ, 1945 இல் ஜோன் கிராஃபோர்டு நடித்து ஆஸ்கார் பெற்ற மில்ட்ரட் பியர்ஸ் படத்தில், கணவனைப் பிரிந்து உணவகம் நடத்தி மகளை வளர்க்கும் தாய் அச்செல்லத்தாலேயே எல்லாவற்றையும் இழக்கிறாள். உழைத்துச் சேர்த்ததை இழந்த துயரம் ராஜலட்சுமிக்கும் நேர்ந்தது எனினும் இங்குக் கதை வேறு: பதினொரு வயது மகளின் உழைப்பில் தாய் வாழ்ந்தார், பின்னாளில் சொத்தைக் கரைத்தது பிள்ளைச் செல்லம் அன்று, திரைப்படத் தொழிலே.

இறுதிக் காலம்

1961 ஆம் ஆண்டில் கலைமாமணி விருது பெற்றார். 1964 இல் சென்னையில் காலமானார். காளிதாஸ், மிஸ் கமலா ஆகிய இரு படங்களின் படிகளும் இன்று கிடைக்கவில்லை.