ஏரை நிறுத்தி ஏடு கேட்ட அய்யன்காளி

கொற்கை மண்ணில் பிறந்த நமக்குப் பழம்பெருமை புதிதன்று. பாண்டியரின் துறைமுகம் இது, முத்துக் குளித்த கடற்கரை இது என்று பாடநூல்கள் கூறும். தாமிரபரணி கொணர்ந்து குவித்த வண்டலால் அக்கடல் கிழக்கே சில கல் தொலைவு விலகிப் போயிற்று. முத்தை அணிந்த மன்னர்தம் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. மூச்சடக்கி மூழ்கி அம்முத்தை எடுத்தவர்களின் பெயர்கள் கிடைக்கவில்லை. உழைத்தவன் பெயரை எழுதிவைக்க அவன் குடிலில் எழுத்தறிந்தவர் எவரும் இலர் என்பதே அதன் காரணமாகும். அக்குறையைப் போக்குவதற்கென்றே நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. எனவே, தாம் எழுத்தறியாதவராய் இருந்தும் பிறர் எழுத்தறிவதற்காகப் போராடிய ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம். அப்பெருமகனார் அய்யன்காளி ஆவார்.

அவர் நமக்கு அயலார் அல்லர். பொதிகை மலையில் பிறந்து கிழக்கு நோக்கி வரும் தாமிரபரணி நம் வயல்களை நனைக்கிறது. அதே மலையின் மேற்குச் சரிவில் பிறக்கும் நெய்யாறு, அந்நாளைய திருவிதாங்கூரின் நெய்யாற்றின்கரை வட்டம் வழியாக மேலைக்கடலை அடைகிறது. அவ்வட்டத்தைச் சேர்ந்த வெங்கானூரில், 1863-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், அய்யன், மாலா என்னும் இணையருக்கு மகனாக அய்யன்காளி பிறந்தார். அவர் பிறந்தது புலையர் சமுதாயத்தில்.

திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இலேயே அரசாணையால் ஒழிக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஆணை ஏட்டில் இருந்தது. அடிமைத்தனம் வயலில் இருந்தது. புலையர் பொதுச்சாலையில் நடத்தல் ஆகாது. சந்தைக்குள் நுழைதல் ஆகாது. தூய வெள்ளாடை உடுத்தல் ஆகாது. பெண்கள் மார்பை மறைத்தல் ஆகாது. தாழ்வின் அடையாளமாகக் கல்மாலையைக் கழுத்தில் சுமத்தல் வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பற்றியோ பேசவே வேண்டியதில்லை. நெல்லை விளைவித்தவர்கள் அந்நெல் செல்லும் சாலையில் செல்ல இயலாதிருந்த காலம் அது.

1893-ஆம் ஆண்டில், முப்பது வயதை எட்டிய அய்யன்காளி ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கினார். வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, காளைகளின் கழுத்தில் மணி ஒலிக்க, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் அவ்வண்டியைச் செலுத்தினார். மறித்தவர்கள் முன்னிலையில் அவர் வண்டியைத் திருப்பவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் இளைஞர்களைத் திரட்டிச் சாலைகளிலும் சந்தைகளிலும் நடந்து சென்றார். பாலராமபுரம் முதலிய இடங்களில் கைகலப்புகள் நேர்ந்தன. இரு தரப்பிலும் குருதி சிந்திற்று. அண்ணல் அம்பேத்கர் மகாத்துக் குளத்தில் இறங்கி நீர் அருந்திய 1927-ஆம் ஆண்டிற்கு 34 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வண்டி ஓடிற்று என்பதை நம் இளைஞர்கள் கருத்தில் இருத்துதல் வேண்டும்.

சாலை திறந்தால் மட்டும் போதாது, அச்சாலை பள்ளிக்கூடத்திற்குச் செல்லுதல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். தம் மக்களுக்கென வெங்கானூரில் ஒரு சிறு பள்ளியை அமைத்தார். பகைவர் அதற்குத் தீயிட்டனர். அவர் மீண்டும் கட்டினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று அரசும் இசைந்தது. ஆனால், கீழுள்ள அலுவலர்களும் பள்ளி நடத்தியோரும் ஊர்ப் பெரியவர்களும் அவ்வாணை நடைமுறைக்கு வராதவாறு பார்த்துக்கொண்டனர்.

இந்நிலையில்தான் அவர் இணையற்ற ஒரு போரைத் தொடங்கினார். புரட்சி என்றவுடன் 1789-இல் பாரிசுச் சிறைக்கோட்டை தகர்ந்ததும், 1917-இல் உருசிய முடியாட்சி வீழ்ந்ததும் நம் நினைவிற்கு வருதல் இயல்பே. வெங்கானூரில் எழுந்த போரில் பீரங்கி இல்லை. அரியணையைக் கைப்பற்றும் நோக்கமும் இல்லை. பள்ளியில் எம் பிள்ளைகளுக்கு இடமில்லையெனில் உங்கள் வயலில் எம் கைகளுக்கு வேலையில்லை என்பதே அதன் சாரம். உழவு நின்றது, நடவு நின்றது. நெல் விளைந்த நிலத்தில் களை மண்டிற்று. நிலவுடைமையாளர் சிலர் தாமே சேற்றில் இறங்கிப் பார்த்தனர். பழகாத உடல் ஒத்துழைக்கவில்லை.

வேலைநிறுத்தம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. அன்றன்று கூலி பெற்று அன்றன்று உலை ஏற்றும் குடும்பங்கள் எங்ஙனம் தாங்கின? அய்யன்காளி விழிஞம் கடற்கரை மீனவர்களை அணுகினார். உழவுத் தொழிலாளரைத் தம் படகுகளில் ஏற்றிக்கொண்டு பங்கு கொடுக்க அவர்கள் முன்வந்தனர். கடலையே நம்பி வாழும் அம்மக்கள் அளித்த கைகொடுப்பு இல்லையேல் அப்போராட்டம் பசியால் முறிந்திருக்கும். ஒடுக்கப்பட்டோர் தமக்குள் துணை நிற்றல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. முடிவில் அரசு தலையிட, நிலவுடைமையாளர் இறங்கிவந்தனர். கூலி உயர்ந்தது, பள்ளியில் சேரும் உரிமையும் ஏற்கப்பட்டது.

எனினும் ஏற்கப்பட்ட உரிமையை எடுத்துக்கொள்ளுதல் எளிதாயிருக்கவில்லை. பஞ்சமி என்னும் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். அச்சிறுமி அமர்ந்த பள்ளி தீட்டுப்பட்டதெனக் கூறி எரிக்கப்பட்டது. ஒரு குழந்தை எழுத்துக் கற்பதைக் காட்டிலும் பள்ளியே சாம்பலாதல் மேல் என்று கருதியவர் இருந்தனர் என்பதை எண்ணுந்தோறும், ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த நம் நெஞ்சம் நடுங்குகிறது. அப்பள்ளி மீண்டும் எழுந்தது. நூறாண்டு கடந்து, 2022-இல் கேரள அரசு அதற்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் சூட்டிற்று.

1911-இல் அய்யன்காளி திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக அமர்த்தப்பட்டார். கால் நூற்றாண்டுக் காலம் அவர் அங்கு அமர்ந்து, தம் மக்களுக்கு நிலம், பள்ளிச் சேர்க்கை, கட்டணச் சலுகை, அரசுப் பணி ஆகியவற்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் கலகம் மூண்டபின், அவர் அழைப்பை ஏற்றுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு தங்கள் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். 1936-இல் திருவிதாங்கூர்க் கோயில்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு சனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தபோது, அய்யன்காளி அவரிடம் வெளியிட்ட விருப்பம், தம் சமுதாயத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெறக் காண வேண்டும் என்பதே. 1941-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் அவர் மறைந்தார். 1980-இல் திருவனந்தபுரத்து வெள்ளையம்பலத்தில் அவர் சிலையை இந்திரா காந்தி அம்மையார் திறந்துவைத்தார். 2002-இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது.

இளைஞர்களே! சிலையை வணங்குதல் எளிது. அவர் கேட்ட இடத்தில் நாம் அமர்ந்திருக்கின்றோமா என்பதே வினா. நம் ஊர்ப்புறத்தில் வாழைத்தார் வெட்டும் நாளிலும் நெல்லறுப்பு நாளிலும் வருகைப் பதிவேட்டில் இடங்கள் காலியாவதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். பள்ளிக்காக வயலை நிறுத்தினார் அவர். வயலுக்காகப் பள்ளியை நிறுத்துகின்றனர் நம்மவருள் சிலர். வறுமை காரணம் என்பதை நாம் அறியாதவர் அல்லர். விழிஞத்துப் படகுகளைப் போல, அக்குடும்பங்களைத் தாங்கும் படகாக நம் சங்கம் விளங்குதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பள்ளியில் எரிந்த தீயும் முற்றிலும் அணைந்துவிடவில்லை. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் மணிக்கட்டிலிருந்து அகற்றுவதற்கு நம் மாநிலத்தில் ஆணைகள் தேவைப்பட்டன. 2023 ஆகஸ்டில் நம் பக்கத்து நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட மாணவன் ஒருவனை அவனோடு பயின்றவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுப்பட்டாள். அம்மாணவனோ படிப்பைக் கைவிடவில்லை. தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றான். வில்வண்டி நின்றுவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அய்யன்காளி கண்ட கனவு பத்துப் பட்டதாரிகள். இன்று நம் தெருக்களில் அதற்கு மேலும் உளர். நாமும் அவர்களுள் ஒருவரே. அவர்கள் ஒவ்வொருவரும், பள்ளியை விட்டு நின்ற ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து, அவர் பஞ்சமியை அழைத்துச் சென்றதுபோல் மீண்டும் வகுப்பறைக்கு அழைத்துச் செல்வாராயின், அதுவே அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் கடனாகும்.