பெஞ்சமின் பிராங்க்ளின் கற்ற விதம்

பரீட்சைக் காலம் அணுகுந்தோறும், மேல்நிலை வகுப்பிற் பயிலும் பிள்ளைகளையுடைய நம்மவர் இல்லங்களில் ஒரு முறையீடு எழுகின்றது. பிள்ளை நள்ளிரவு வரை புத்தகமுங் கையுமாகவே இருக்கின்றான். ஆயினும் படித்தது மனத்தில் நிற்கவில்லை என்பதே அது. இக்குறைக்கு மருந்தாகத்தக்கது அமெரிக்கப் பெரியாராகிய பெஞ்சமின் பிராங்க்ளினுடைய சரித்திரம்.

இவர் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் மெழுகுவத்தியும் சவர்க்காரமும் செய்து விற்பவர். மக்கள் 17 பேர். பொருள்முட்டினால் பெஞ்சமினுடைய பள்ளிப்படிப்பு ஏறக்குறைய இரண்டே ஆண்டில் முடிவுற்றது. பள்ளியில் கணக்கு அவருக்கு வரவேயில்லை. 12-ஆம் வயதில் தமையனாரது அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

பகல் முழுவதும் வேலை. எனவே வேலை தொடங்குமுன் விடியற்காலையையும், முடிந்தபின் இரவையும், ஞாயிற்றுக்கிழமையையும் படிப்புக்கென வகுத்துக்கொண்டார். சுமார் 16-ஆம் வயதில் புலால் உணவை நீக்கி, தமக்காகும் உணவுச் செலவிற் பாதியைத் தந்தால் தாமே உணவைப் பார்த்துக்கொள்வதாகத் தமையனாரிடம் கூறினார். அப்பாதியிலும் பாதியை மிச்சம் பிடித்து நூல்கள் வாங்கினார். ஏனையோர் உண்ணச் சென்ற வேளையில், ரொட்டித் துண்டும் உலர்ந்த திராட்சையும் தண்ணீரும் உட்கொண்டு, எஞ்சிய நேரத்திற் படித்தார். பள்ளியிற் கைவிட்ட கணக்கை இங்ஙனமே தாமாகக் கற்றுத் தேறினார்.

அவர் கற்ற முறையே மிகவும் கவனிக்கத்தக்கது. இலண்டனில் வெளிவந்த ஸ்பெக்டேட்டர் என்னும் பத்திரிகையின் தொகுதியொன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதிலுள்ள கட்டுரையைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல், குறிப்புக்களைக்கொண்டே முழுக் கட்டுரையையும் தம் சொற்களால் எழுதுவார். பின்னர் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். சிலபோது குறிப்புக்களைக் கலைத்துவிட்டு, சில வாரங்கள் சென்றபின் ஒழுங்குபடுத்தவும் முயல்வார். புத்தகத்தை மூடி நினைவைச் சோதித்தலும், இடைவெளிவிட்டு மீண்டும் பயிலுதலும் கல்வியை நிலைநிறுத்தும் என்பது இக்காலத்து மனநூலாராய்ச்சியாலும் உறுதிப்பட்டதன்றோ?

அச்சுத்தொழிலில் தலையெடுத்தபின் அவர் ஒரு நாட்குறிப்பு அட்டவணை வகுத்தார். காலை 5 மணிக்கு எழுதல். அன்று செய்யவேண்டிய நன்மை யாதென எண்ணுதல். 8 முதல் 12 வரையும், பிற்பகல் 2 முதல் 6 வரையும் வேலை. மாலையில் பொருள்களை உரிய இடத்தில் வைத்தலும், இசையும், உரையாடலும், அன்று செய்த நன்மையை ஆராய்தலும். இரவு 10 மணிக்கு உறக்கம். இளமையில் இரவல் நூல்களுக்காகக் கண்விழித்த அவரே, இவ்வட்டவணையில் உறக்கத்திற்கு 7 மணி நேரம் ஒதுக்கினார் என்பதை மாணாக்கர் மறவாதிருப்பாராக.

இவ்வொழுங்கை அவர் பிழையின்றிக் காத்தாரோ எனின், இல்லை. தம் குறைகளை ஒரு சிறு புத்தகத்திற் கரும்புள்ளியிட்டுக் கணக்கெடுத்தார். ஒழுங்குடைமையே தமக்கு மிகவும் அரிதாயிருந்ததென்று தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். ஆயினும் முயற்சியை வீணென்று எண்ணினாரல்லர். அம்முயற்சியால் முன்னினும் நல்லவராகவும் மகிழ்ச்சியுடையவராகவும் ஆனதாகவே கருதினார். ஒருநாள் அட்டவணை தவறியதும் அதனைக் கிழித்தெறியும் பிள்ளைகளுக்கு இஃது ஆறுதலும் அறிவுரையுமாகும்.

இரண்டாண்டே பள்ளி கண்ட அச்சிறுவர், 1731-இல் பிலடெல்பியாவில் சந்தா நூல்நிலையம் நிறுவினார். மின்னலும் மின்சாரமும் ஒன்றென்று காட்டினார். 1776-இல் தம் நாட்டின் சுதந்திரப் பிரகடனத்திற் கையொப்பமிட்டார். 1790 ஏப்ரல் 17-இல் தம் 84-ஆம் வயதில் புகழுடம்பெய்தினார்.

ஆதலின் பெற்றோரே, இன்று எத்தனை மணி நேரம் படித்தாய் என்று பிள்ளையைக் கேளாதீர். புத்தகத்தை மூடச்செய்து, படித்ததைச் சொல்லென்று அன்போடு கேளுங்கள். அவன் தடுமாறும் இடமே நாளை அவன் முதலிற் படிக்கவேண்டிய இடம்.