ஆறாம் தரத்தின் வாசலில் நாவலர்

நல்லூரில் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி பிறந்த ஆறுமுகம், ஒன்பது வயதில் தந்தை கந்தப்பிள்ளையை இழந்தார். ஆயினும் அவரது படிப்பு நின்றுவிடவில்லை. சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராச முதலியாரிடமும் தமிழ் கற்றார். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார்.

1848இல் அப்பதவியைத் துறந்து, வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவரது சமயப் பணியை யாவரும் அறிவர். நாம் இங்கு நினைவுகூர விரும்புவது, கற்கும் பிள்ளையின் நிலையை அவர் அறிந்திருந்ததையே. எழுத்தறிந்ததும் நிகண்டையும் செய்யுளையும் பொருள் விளங்காமலே மனனஞ் செய்ய வேண்டியிருந்த காலம் அது. நாவலரோ எளிய உரைநடையில், சந்தி பிரித்து, குறியீடுகள் இட்டு, படிப்படியாகக் கடினம் கூடும் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். அவற்றைக் கடந்த மாணவனுக்கு இலக்கணச் சுருக்கம் காத்திருந்தது. அதற்கப்பால் நன்னூற் காண்டிகையுரை. ஒரு நூலை முடித்தவனுக்கு அடுத்த நூல் எட்டும் தூரத்தில் இருந்தது. கற்கும் ஆர்வம் தளராதிருக்க இதனினும் சிறந்த வழி வேறில்லை.

மேற்படிப்புக்கென 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள் முடையால் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. 1879 டிசம்பர் 5ஆம் திகதி அவர் மறைந்தார். அவரது எண்ணம் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாகப் பின்னரே நிலைபெற்றது. அவர் கல்விப் பணி சாதி வரம்பைக் கடக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு முதற்படியே எட்டாதிருந்தது.

இன்று பாடசாலைக் கதவுகள் அனைவருக்கும் திறந்துள்ளன. ஆனால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தொடாத பிள்ளை, பத்து வயதிலேயே தன்னைத் தோற்றவனாக எண்ணத் தலைப்படுகிறது. அந்த மனச்சோர்வுடனேயே, ஒரே வகுப்பாசிரியரின் அரவணைப்பை விட்டு, பாடத்துக்கொரு ஆசிரியர் வரும் ஆறாம் தரத்துள் நுழைகிறது.

ஆகவே ஆறாம் தரத்தின் முதல் தவணையைப் புதிய பாடங்களை விரைந்து முடிப்பதற்கன்றி, ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பிலும் கணக்கிலும் எங்கு நிற்கிறது என்று கண்டு, அங்கிருந்தே கற்பிப்பதற்குப் பாடசாலைகள் பயன்படுத்த வேண்டும். பெற்றோரும் அயல்வீட்டுப் பிள்ளையின் புள்ளியோடு ஒப்பிடுவதைக் கைவிட வேண்டும். நாவலருக்குச் சிலையும் விழாவும் எடுக்கும் நாம், அவர் பாலபாடத்தில் கைக்கொண்ட முறையையும் கைக்கொள்வோமாக.