துருவை ஆராய இடம் தந்த வள்ளல்



பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் அறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டுதான் அறுப்பார்கள். பலாப்பால் ஒட்டக்கூடாது என்பதற்காக. அதே எண்ணெய் கத்தி துருப்பிடிக்காமலும் காக்கிறது. மழையில் நனைந்த உங்கள் சைக்கிள் செயினை எண்ணெய் போடாமல் சில நாள் விட்டுப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் பூத்திருக்கும்.

இந்தத் துருவைப் பற்றி விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்யும் இடம் ஒன்று காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது அதன் பெயர். ஊர்க்காரர்கள் சுருக்கமாக சிக்ரி என்பார்கள். டெல்லியிலோ சென்னையிலோ இல்லாமல் அது காரைக்குடிக்கு வரக் காரணமானவர் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

அவர் 1909 ஏப்ரல் 6 அன்று, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு லண்டன் சென்று சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டக்கூடக் கற்றுக்கொண்டார்! ஊர் திரும்பியதும் துணி ஆலை உட்படப் பல தொழில்கள் நடத்தினார். விமான நிறுவனம்கூட வைத்திருந்தார். பணம் குவிந்தது.

குவிந்த பணத்தை அவர் என்ன செய்தார் தெரியுமா? 1947 ஜூலையில் சென்னையில் ஒரு கூட்டம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அங்கேயே எழுந்து நன்கொடையை அறிவித்துவிட்டார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி தொடங்கிவிட்டது. இன்று ஒரு சுற்றுச்சுவர் கட்டவே எத்தனை மாதம் ஆகிறது!

அந்த நேரத்தில் பிரதமர் நேருவும் விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் நாட்டின் பல இடங்களில் ஆராய்ச்சிக்கூடங்கள் அமைத்துக்கொண்டிருந்தார்கள். மின்வேதியியலுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அந்தக் காலத்து 15 லட்சம், நினைவிருக்கட்டும். 1948 ஜூலை 25 அன்று நேருவே காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் நிறுவனத்தைத் திறந்து வைத்தார்.

துருவுக்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இரும்பின் மேல் ஈரம் பட்டால், அந்த இடம் ஒரு குட்டி பேட்டரி போல ஆகிவிடுகிறது. ஓரிடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் இரும்பின் வழியாகவே ஓடி, இன்னோர் இடத்தில் தண்ணீரோடும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடும் சேர்கின்றன. கரைந்த இரும்பு மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகப் படிகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் இந்தக் குட்டி பேட்டரி இன்னும் வேகமாக வேலை செய்யும். கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி சீக்கிரம் அரித்துப்போவது அதனால்தான்.

பெயிண்டும் எண்ணெயும் ஈரத்தை அண்டவிடாமல் தடுக்கின்றன. துத்தநாகம் செய்வது வேறு. இரும்பு வாளியில் அதைப் பூசியிருப்பார்கள். பூச்சில் கீறல் விழுந்தாலும், இரும்புக்கு முன்னால் துத்தநாகம் தன்னைக் கரையக் கொடுத்து இரும்பைக் காப்பாற்றும். கப்பலின் அடிப்பாகத்திலும் இதற்காகவே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் தப்புவதில்லை. துரு ஏறினால் கம்பி பருக்கும், கான்கிரீட் வெடிக்கும். பழைய வீடுகளில் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்களே! இதைத் தடுக்கக் கம்பிகளுக்குப் பூசும் சிமெண்டுப் பூச்சு முறை ஒன்றை சிக்ரி விஞ்ஞானிகள் உருவாக்கினார்கள். கடலோரம் மண்டபத்தில் பலவகை உலோகத் தகடுகளை உப்புக்காற்றில் நிறுத்திவைத்து, எது எவ்வளவு காலம் தாங்குகிறது என்றும் பார்த்தார்கள்.

இதையெல்லாம் காண அழகப்பர் இல்லை. நிறுவனம் வளரத் தொடங்கிய காலத்திலேயே கடும் நோய் அவரை வாட்டியது. அவர் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. பெண்கள் கல்லூரிக்காகத் தான் வாழ்ந்த வீட்டையே கொடுத்தார். ஆங்கிலேய அரசு தந்த சர் பட்டத்தையும் சுதந்திரம் வந்ததும் துறந்தவர் அவர். 1956-ல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. 1957 ஏப்ரல் 5 அன்று, 48-வது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாக, அவர் காலமானார்.

விருத்தாசலத்தில் ராமேஸ்வரம் ரயில் ஏறினால் காரைக்குடி வழியாகப் பாம்பன் போகலாம். அங்கே 1914-ல் திறந்த பழைய இரும்புப் பாலத்தை உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பதிலாகக் கட்டிய புதிய பாலத்துக்குத் துருவைத் தடுக்கும் சிறப்புப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாலத்தைத் திறந்த நாள் 2025 ஏப்ரல் 6. தற்செயலாக, அது அழகப்பரின் பிறந்தநாள்.