வேலைக்கு நடுவே உலகைச் சுற்றிய பேராசிரியர்: தனிநாயகம் அடிகளார்

மலாக்கா நகரின் செயின்ட் பால் குன்றில் ஏறும் சுற்றுப்பயணிகள் முதலில் பார்ப்பது வலது கையில்லாத ஒரு வெள்ளைச் சிலையை. அது புனித பிரான்சிஸ் சவேரியாரின் சிலை. பலர் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சவேரியார் 1545இல் மலாக்காவுக்கு வருவதற்கு முன்பு தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் மீனவர்களுடன் வாழ்ந்தவர். ஊர்க்காரர்களின் உதவியோடு மன்றாட்டுகளைத் தமிழில் மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று சொல்லிக் கொடுத்தவர். போர்த்துக்கீசியர், தமிழர், மலாக்கா என்று மூன்று முனைகளையும் இணைக்கும் ஒரு கடல்வழி அந்தக் காலத்திலேயே இருந்தது.

அந்த வழியை நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப்போனவருக்கும் திருமுழுக்குப் பெயர் சேவியர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கோலாலம்பூரில் பேராசிரியராகப் பணியாற்றி, முதல் உலகத் தமிழ் மாநாட்டை இந்த மண்ணில் நடத்திக் காட்டிய தனிநாயகம் அடிகளார் அவர். மாநாட்டுக்காக அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த மாநாட்டுக்கு வித்திட்டவை அவருடைய பயணங்கள். வாழ்நாள் முழுவதும் ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே, கிடைத்த விடுமுறையிலும் கருத்தரங்கப் பயணங்களின் இடைவெளியிலும் அவர் பிற நாட்டு மக்களைத் தேடிப்போய்க்கொண்டே இருந்தார்.

தமிழ் தெரியாத தமிழ் மாணவர்

சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்ற அவர் 1913 ஆகஸ்ட் 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் ஊர்காவற்றுறைக்கு அருகில் கரம்பொன் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் நல்ல கல்வி என்றால் ஆங்கிலக் கல்விதான். ஊர்காவற்றுறையிலும், பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். ஆங்கிலமும் இலத்தீனும் நன்றாக வந்தன. தமிழ் வீட்டுப் பேச்சாக மட்டும் இருந்தது.

குருத்துவப் படிப்புக்காகக் கொழும்பு சென்ற அவர், 1934இல் அங்கிருந்து ரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். பல நாடுகளின் மாணவர்கள் ஒரே கூரையின் கீழ் படிக்கும் கல்லூரி அது. ஒவ்வொருவருக்கும் தம் நாட்டின் பாடல், கதை, கவிஞர்களைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தது. தம் மொழியின் இலக்கியத்தைப் பற்றிச் சொல்லத் தம்மிடம் அதிகம் இல்லை என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. தமிழ் பேசும் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் அமைத்தார். இத்தாலியிலிருந்து வந்து தமிழ்ப் புலவரான ஒருவரின் பெயரை, தமிழ் கற்க ஏங்கிய தமிழர்கள் இத்தாலியில் தங்கள் கழகத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட பின் அவர் யாழ்ப்பாணம் திரும்பாமல், தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணி ஏற்றார். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக 1940 முதல் ஐந்தாண்டுகள் வேலை. பகலில் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர், மற்ற நேரங்களில் ஒரு தமிழ்ப் பண்டிதரிடம் தாமே மாணவராக உட்கார்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் அடிப்படை இலக்கணத்திலிருந்து தொடங்க அவர் வெட்கப்படவில்லை. 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, தமிழில் பட்டங்கள் பெற்று, சங்க இலக்கியத்தில் இயற்கை எவ்வாறு பாடப்பட்டுள்ளது என்பதை ஆய்வு செய்தார். தனிநாயகம் என்ற பெயரே பின்னாளில் நிலைத்தது.

பையில் துணிமணி, கையில் குறிப்பேடு

1949க்குப் பிறகு அவருடைய நீண்ட பயணங்கள் தொடங்கின. ஜப்பான், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று போன இடமெல்லாம் தமிழ் இலக்கியத்தைப் பற்றிப் பேசினார். பேசியதைவிட அதிகமாகக் கேட்டார். அந்த நாட்டு மக்கள் எதைப் பாடுகிறார்கள், குழந்தைகளுக்கு எதைக் கற்பிக்கிறார்கள், வழிபாட்டில் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். அந்த அனுபவங்களில் இருந்து பிறந்தவைதான் தமிழ்த்தூது, ஒன்றே உலகம் போன்ற நூல்கள்.

இந்தப் பயணங்களில் அவர் கண்ட உண்மை ஒன்று உண்டு. வெளிநாட்டு அறிஞர்களுக்கு இந்தியா என்றால் சமஸ்கிருதம் மட்டுமே தெரிந்திருந்தது. தமிழில் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் இருப்பதை அறிந்தவர்கள் சிலரே. அவர்களும் ஒருவரையொருவர் அறியாமல் வெவ்வேறு நாடுகளில் தனித்தனியே உழைத்துக்கொண்டிருந்தார்கள். இதற்காக 1952இல் தமிழ்க் கல்ச்சர் என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். தமிழர் அல்லாதவர்களும் தமிழைப் பற்றிப் படிக்க ஒரு கதவு திறந்தது.

அதே 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அடுத்த ஒன்பது ஆண்டுகள் அதுவே அவருடைய முழுநேரப் பணி. வகுப்பு, தேர்வுத்தாள், இதழ் வேலை, குருவாகச் செய்ய வேண்டிய கடமைகள் எல்லாம் போக மிஞ்சிய நேரம்தான் பயணத்துக்கு. லண்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகத் தங்கியிருந்த காலத்தையும் அவர் வீணாக்கவில்லை. ஐரோப்பிய நூலகங்களுக்குள் நுழைந்தார்.

லிஸ்பனில் ஒரு சிறு நூல்

தமிழ் எப்போது முதன்முதலில் அச்சேறியது? இந்தக் கேள்விக்கான விடை, போர்த்துக்கல் தலைநகரான லிஸ்பனில் இருந்தது. 1554இல் அங்கே அச்சான ஒரு சிறு மறைக்கல்வி நூலில் தமிழும் போர்த்துக்கீசியமும் சேர்ந்து இருந்தன. தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தது 1511இல். அதற்கு நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் அந்த நூல் வெளிவந்தது. லிஸ்பனில் வாழ்ந்த தமிழர்களே அதைத் தயாரிப்பதில் பங்கெடுத்தார்கள்.

இந்த நூலையும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கத்தையும், அதற்கு அடுத்த ஆண்டு கொச்சியில் வெளிவந்த கிரிசித்தியானி வணக்கத்தையும் பற்றி அடிகளார் எழுதிய கட்டுரைகள் தமிழ் அச்சு வரலாற்றில் புதிய பக்கங்களைச் சேர்த்தன. வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்ட இன்னொரு புதையல், அந்தாவு தெ புரோயன்சா என்ற பாதிரியார் தொகுத்து 1679இல் அச்சான தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி. 16 ஆயிரத்துக்கும் அதிகமான சொற்கள் கொண்ட அந்த அகராதியை, மூலப் பக்கங்கள் அப்படியே தெரியும்படி 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை வெளியிட்டது. ரோமில் யாரும் தொடாமல் கிடந்த தமிழ் அகராதிக்குக் கோலாலம்பூரில் மறுபிறவி கிடைத்தது.

மலாக்காவாசிகளுக்கு இது தூரத்துக் கதை அல்ல. தமிழர் வீட்டில் ஜன்னல் என்றும் மேசை என்றும் அலமாரி என்றும் சொல்கிறார்கள். பக்கத்து மலாய்க்காரர் வீட்டில் ஜெண்டெலா, மேஜா, அல்மாரி. எல்லாம் போர்த்துக்கீசியக் கப்பலில் வந்து இறங்கிய சொற்கள். அந்தக் கப்பல் என்ற சொல்லோ தமிழிலிருந்து மலாய்க்குப் போனது. கடை அங்கே கெடாய் ஆனது. முதல் மோடால் ஆனது. இப்படிச் சொற்கள் கைமாறுவதை அடிகளார் ஒரு கடன் கணக்காகப் பார்க்கவில்லை. மக்கள் ஒருவரோடு ஒருவர் பழகியதற்கான சாட்சியாகப் பார்த்தார்.

தென்கிழக்காசியாவிலும் அவர் அதே கண்ணோடு அலைந்தார். தாய்லாந்தின் அரசவைப் பிராமணர்கள் மார்கழியை ஒட்டி நடத்தும் திரியம்பாவை விழாவில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை ஓதப்படுவதைப் பற்றி எழுதினார். பொருள் மறந்துபோனவர்களின் வாயில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் ஒலி வாழ்ந்திருக்கிறது.

கோலாலம்பூரில் எட்டு ஆண்டுகள்

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்தத் துறைக்கு ஒரு பின்கதை உண்டு. துறையில் சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்ற கேள்வி 1950களில் எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் கொடுத்து, தமிழ் எங்கள் உயிர் என்ற நிதியைத் திரட்டினார். பால்மரம் வெட்டியவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த காசு அதில் இருந்தது. அப்படித் தொழிலாளர்களின் காசால் வலுப்பெற்ற துறைக்குத்தான் உலகம் சுற்றிய அறிஞர் தலைவரானார்.

இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது தமிழ் மொழி உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தவர் அவர். தம் மொழிக்கு நெருக்கடி வந்த நாட்டிலிருந்து வந்தும், அவர் சிந்தனை சுருங்கவில்லை. கோலாலம்பூரில் பேராசிரியராக அவர் ஆற்றிய தொடக்க உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், இந்தியச் சிந்தனையும் ரோமானிய ஸ்டோயிக் தத்துவமும். உலகம் முழுவதையும் ஒரே ஊராகக் கண்ட பழந்தமிழ்ப் புலவனையும் வள்ளுவரையும் ரோமாபுரி அறிஞர்களின் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினார்.

1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர் மாநாடு கூடியது. அங்கே வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்றுசேர்த்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவாக அவர் முன்னின்றார். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா தலைவர். செக் நாட்டின் கமில் சுவலெபிலும் அடிகளாரும் செயலாளர்கள். பதினைந்து ஆண்டுகளாகப் பயணங்களில் சேர்த்த நட்புகள் அந்த ஒரு நாளில் ஓர் அமைப்பாக மாறின.

இரண்டே ஆண்டுகளில், 1966 ஏப்ரலில், முதல் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்தார். அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் துணை நின்றார். இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து பேராளர்கள் வந்தார்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடக்காத ஒன்று முதலில் மலேசியாவில் நடந்தது. தோட்டத்து லயங்களில் பேசும் மொழி என்று சிலர் இளக்காரமாகப் பார்த்த மொழியைப் பற்றி ஐரோப்பியரும் அமெரிக்கரும் கட்டுரை படித்தார்கள். அந்தச் சில நாள்களில் இந்நாட்டுத் தமிழர்களுக்கு ஏற்பட்ட நிமிர்வு சிறிதல்ல.

மர்த்தினிக் தீவின் எச்சரிக்கை

அறிஞர் அவைகளோடு அவர் நின்றுவிடவில்லை. தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்ட தீவுகளின் மீதும் அவருக்கு அக்கறை இருந்தது. கரீபியன் கடலில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட மர்த்தினிக் தீவுக்கு 1853 முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்தக் குடியேற்றத்தைப் பற்றி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அங்கே மாரியம்மன் வழிபாடு தங்கியது. பூசையில் சில தமிழ் ஒலிகள் தங்கின. பேச்சு மொழி போய்விட்டது. பள்ளிக்கூடம் இல்லை, தாய்நாட்டுத் தொடர்பு இல்லை, எழுத்து இல்லை. மூன்று நான்கு தலைமுறைகளில் மொழி கரைந்துபோக இவை போதும்.

மலாக்காவில் இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டி சமூகத்தினர், போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே இங்கு வந்த வணிகர்களின் வழித்தோன்றல்கள். வீட்டு மொழி மலாய் ஆகிவிட்டது. ஆனாலும் பொங்கலும் முன்னோர் படையலும் விடாமல் நடக்கின்றன. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் ஆலயம் அவர்கள் வழி வந்ததுதான். எதை இழந்தார்கள், எதைக் காத்தார்கள் என்ற இரண்டையும் ஒரே தெருவில் பார்க்கலாம்.

இறுதிக் காலம்

1969இல் மலேசியாவிலிருந்து விடைபெற்றார். ஐரோப்பாவில் சிறிது காலம் கற்பித்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பினார். சென்னையிலும் பாரிஸிலும் நடந்த மாநாடுகளுக்குப் பின், நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அவருடைய சொந்த மண்ணான யாழ்ப்பாணத்தில் நடந்தது. 10ஆம் நாள், இறுதி நிகழ்ச்சிக்குத் திரண்ட மக்கள் கூட்டத்தில் போலீஸ் நடவடிக்கையால் உயிர்கள் பலியாயின. உலகத்தாரைத் தமிழால் ஒன்றுசேர்க்க வாழ்ந்தவர், தம் ஊரில் அந்தத் துயரையும் பார்க்க நேர்ந்தது.

1980 செப்டம்பர் 1ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் காலமானார். வயது 67. மறு ஆண்டு மதுரையில் நடந்த ஐந்தாவது மாநாட்டின்போது அந்நகரில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டே ஆண்டு விடுப்பைச் சேர்த்து வைத்து பாங்காக், பாலி, அங்கோர் என்று புறப்படுகிறார்கள். அங்கே கோயில் சுவரில் தெரிந்த கதை ஒன்றைக் கண்டு வியந்து நிற்கிறார்கள். அடிகளாரின் ஆர்வமும் அங்கேதான் தொடங்கியது. வேறு மக்களின் பெருமையைப் பார்த்தபோது தம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். திரும்பி வந்து, எழுத்தெண்ணிப் படித்தார். அதன் பிறகு அவர் போன ஊரிலெல்லாம் கொடுக்கவும் அவரிடம் ஏதோ இருந்தது, வாங்கிக்கொள்ளவும் இடம் இருந்தது.